ஒன்பது கைகள்

சம்மாந்துறையில் ஒரு பள்ளிக்கூடத்தின் கணினி அறை.
மின்விசிறியை நிறுத்தச் சொன்னது நான்தான்,
செவிச் சோதனைக்கு அமைதி வேண்டும் என்று.
மதிலுக்கு அப்பால் வெட்டு மெஷின்
வயலை மேய்ந்துகொண்டிருந்தது.

யாரோ தந்த பழைய கொம்பியூட்டர், உள்ளே லினக்ஸ்.
விசையைத் தட்டினால் ஒரு தொனி.
கேட்டால் கையை உயர்த்து, மகள்.
உயர்த்தினார்கள்.
பதினொரு மணிக்குள் ஒன்பது பிள்ளைகள்,
ஒன்பது தாளிலும் பச்சைப் பேனா.

பத்தாவது சறாப்.
ஆறாம் வகுப்பு, ஒரு சப்பாத்தில் மட்டும் நாடா.
ஐநூறு, ஆயிரம், இரண்டாயிரம், நாலாயிரம்
கூட்டிக் கூட்டித் தட்டினேன்.
கை மடியிலேயே கிடந்தது.
சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றி
கல்முனை ஆஸ்பத்திரிக்கு என்று எழுதத் தொடங்கியபோது
"மிஸ், இதுக்குள்ள ஒண்டுமே வருகுதில்லையே" என்றான்.

ஹெட்போனை வாங்கி என் காதில் வைத்தேன்.
என் ரத்தம் ஓடுவது கேட்டது.
வேறொன்றும் இல்லை.

திரையில் எல்லாம் சரி.
தொனி ஓடுகிறது என்கிறது நிரல்,
பச்சைக் கோடு ஏறி இறங்குகிறது,
ஒலியளவு நூறு வீதம்.
ப்ளக்கைப் பிடுங்கி, ஊதி, மீண்டும் செருகினேன்.
அதில் நம்பிக்கை இல்லாதவர்களும்
அதைச் செய்யாமல் விடுவதில்லை.

முனவ்வருக்குப் போன் எடுத்தேன்.
ஒலுவிலில் ஏதோ கலியாண வீட்டில் நிற்கிறான்,
பின்னால் சஹன் வைக்கும் சத்தம்.
"கறுப்பு ஜன்னலத் திற, அல்சாமிக்ஸர் எண்டு அடி.
தூண் தூணா வருகுதா? அடியில என்ன கிடக்கு?"
ஒரு தூணின் அடியில் எம் எம்.
"அது வாயக் கட்டினது. எம்மத் தட்டு."
தட்டினேன். இரண்டு பூச்சியமாயிற்று.
பூச்சியம் என்றால் திறந்திருக்கிறது என்று அர்த்தமாம்,
யார் வைத்த கணக்கோ.
அப்போதும் சத்தமில்லை.
ஒலிச் சேவையை நிறுத்தித் தொடங்கினேன். இல்லை.
"காலையில கரண்ட் போனதா?"
போனது. ஒன்பதேகாலுக்கு, ஒரு நிமிடம்கூட இல்லை.
"அப்ப சத்தம் எந்த வழியால போகுது எண்டு பார்."

எச்டிஎம்ஐ.
திடுக்கிட்டு எழும்பிய அவசரத்தில்
ஸ்பீக்கரே இல்லாத மொனிட்டரிடம்
எல்லாத் தொனியையும் ஒப்படைத்துக்கொண்டிருந்திருக்கிறது,
ஒன்றையும் தவறவிடாமல்,
ஒரு பிழைச் செய்திகூட எழுதாமல்.

வழியை மாற்றினேன்.
நுளம்பு போல மெல்லியதாய் ஆயிரம் ஹேர்ட்ஸ் வந்தது.
ஹெட்போன் மேசையில் கிடக்கும்போதே
சறாப் கையைத் தூக்கினான்.

"சரிதானே?" என்றான் முனவ்வர்.
சரி என்று போனை வைத்தேன்.

எட்டரைக்கு நானே காதில் வைத்துப் பார்த்தது.
முதல் பிள்ளை வந்து இருந்தது ஒன்பதரைக்கு.

ஒன்பது கைகள் எதைக் கேட்டு உயர்ந்தன?
என் விரலையா, புருவத்தையா,
இல்லை, இந்த மிஸ் பாவம் என்றா?

தாள்களைக் கிழித்தேன். திரும்பக் கூப்பிட்டேன்.
முதலில் ஹஸ்னத்.
காலையில் எல்லாரிலும் வேகமாய்க் கை தூக்கியவள்.
முன் வாங்கில்தான் இருப்பாளாம்,
ரீச்சரின் வாயையே பார்த்தபடி.
"நல்ல கவனமான பிள்ள" என்று சொல்லிவிட்டுப் போனா
வகுப்பு ரீச்சர்.

என் கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன்.
விசைப்பலகையை மடியில் வைத்துக்கொண்டேன்.
ஜன்னல் வெயில் அவள் முதுகில்.
அவளின் நிழல் என் முன்னால், சுண்ணாம்புச் சுவரில்.
தட்டினேன்.

வெளியே வெட்டு மெஷின் எங்கோ நின்றது.
சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.